அல்பரீன்யோ (ஸ்பெயினோட வெள்ளை ஒயின்) + கடல் சாப்பாடு: உங்க நாக்குல நின்னது எது?

உப்புக்காத்து:
ஸ்பெயின் வடமேற்குல இருக்கற வீகோ ஊர்ல பெஸ்கதேரியா தெரு, போனவங்களுக்குத் தெரியும், கல்லு மேடைக்குப் பின்னாடி பெண்கள் நின்னு ஆய்ஸ்டர் (பச்சையா தின்னுற சிப்பி) உடைச்சுத் தருவாங்க, ஒயின் பக்கத்துக் கடையில வாங்கிக்கணும். பக்கத்துல ஆர்காதேங்கற ஊர் ஆய்ஸ்டர் ஒரு தட்டு, அல்பரீன்யோ ரெண்டு கிளாஸ். ஃப்ரெண்டு பாதி ஆய்ஸ்டருக்கு எலுமிச்சை பிழிஞ்சுட்டான். அதைத் தின்னுட்டு ஒயின் குடிச்சா சப்புனு இருக்கு. ஆய்ஸ்டர் உடைச்ச அம்மா ஒண்ணும் சொல்லாம கத்தி முனையால எலுமிச்சைத் துண்டைத் தட்டோட ஓரத்துக்குத் தள்ளிட்டு, பிழியாத ஒண்ணை என் பக்கம் நகர்த்தினாங்க. ஓட்டுல இருந்த தண்ணியோட உறிஞ்சிட்டு அதே கிளாஸ்ல ஒரு வாய் குடிச்சேன், பீச் பழ வாசனை, பின்னாடியே நாக்கு ஓரத்துல உப்பு, எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. அதே பாட்டில்தாங்க! இன்னிக்கு வரைக்கும் அந்த ருசி மறக்கல.

மரப்பீப்பாய்:
எலுமிச்சை மேல பழி போடாதீங்க, எனக்கென்னவோ ஒயின் ரொம்ப ஜில்லுனு இருந்திருக்கும்னு தோணுது. அதே பக்கத்துல கம்பாடோஸ் ஊர்ல ஆகஸ்ட் மாச அல்பரீன்யோ திருவிழா, 1953ல இருந்து நடக்குது, அங்க ஐஸ்ல முக்கி வச்ச பாட்டில்ல இருந்து ஊத்தித் தந்தாங்க, வாசனையே இல்ல. ஆக்டோபஸ் வேற மரத்தட்டுல சுடச்சுட வந்துடுச்சு, மேல ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு, சிவப்பா பாப்ரிகா தூள். கிளாஸை உள்ளங்கையில பொத்தி வச்சுக்கிட்டு நாலு துண்டு தின்னு முடிச்சேன், அப்புறம் மூக்குக்கிட்ட கொண்டு போனா பழ வாசனை குபீர்னு வருது. 8ல இருந்து 10 டிகிரி, அதுக்குக் கீழ வேண்டவே வேண்டாம்.

தெற்குக்கரை:
ரெண்டு பேரும் வடக்கையே பேசுறீங்க. தெற்கு ஸ்பெயின்ல சன்லூகர் ஊர், பாஹோ தே கீயாங்கற இடம், ஆத்தைப் பாத்து உக்காந்து உப்பு போட்டு வேகவச்ச இறாலும் மன்சனீயாவும் (இனிப்பில்லாத ஷெர்ரி வகை வெள்ளை ஒயின்). முதல் வாய் எனக்குப் பிடிக்கல, இறால் தலையை உறிஞ்சிட்டுக் குடிச்சதும் பாதாம் மாதிரி ஒரு கசப்பு வந்து இறாலோட இனிப்பைத் தூக்கி விட்டுச்சு பாருங்க!

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். மன்சனீயா 15 சதவீதம் ஆல்கஹால், பீப்பாய்க்குள்ள ஒயின் மேல ஈஸ்ட் ஆடையா படர்ந்து காத்து படாம காக்குது, அதனாலதான் அந்த வாசனை. பாட்டிலுக்குள்ள அந்த ஆடையோட காவல் இல்ல, திறந்தா காத்து பட்டுடும், அதனால சின்ன பாட்டிலா வாங்குங்க, ஃப்ரிட்ஜ்ல வைங்க, சீக்கிரம் முடிங்க. அல்பரீன்யோ வாங்கினா ஈஸ்ட் வண்டலோட ஊற வச்சதான்னு லேபிள்ல பாருங்க, அது வாயில கொஞ்சம் கனமா நிக்கும், வெண்ணெய் போட்ட மீனுக்கு, கிரில் பண்ண ஸ்காலப்புக்கு (அதுவும் ஒரு சிப்பி வகை) அதுதான் சரி. வெறும் ஆய்ஸ்டருக்கு அப்படி ஊற வைக்காத இளசான ஒயின் போதும். காரமான சாப்பாட்டுக்கு ஆல்கஹால் கூடின ஒயின் எடுக்காதீங்க, எரிச்சல்தான் ஏறும். எலுமிச்சை விஷயத்துல முதல்ல எழுதினவர் சொன்னதுதான் சரி, சாப்பாட்டோட புளிப்பு ஒயினோட புளிப்பைத் தாண்டிட்டா ஒயின் தண்ணியாத்தான் தெரியும், ஜில்லுப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

உப்புக்காத்து:
மரப்பீப்பாய், ஒரே பாட்டில், ஒரே நேரம், ஒரே ஜில்லுப்பு. பிழிஞ்சதுல சப்பு, பிழியாததுல உப்பு. ஜில்லுப்புதான் காரணம்னா ரெண்டுலயும் ஒண்ணாத்தானே இருந்திருக்கணும்? ஆக்டோபஸ் விஷயம் ஒத்துக்கறேன், அதுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு ஏறின ஒயின்தான்.

மரப்பீப்பாய்:
சரி, ஆய்ஸ்டருக்கு உங்க பேச்சு. ஆனா வறுத்த மீனுக்கு எலுமிச்சை இல்லாம நான் சாப்பிட மாட்டேன், அதுக்கு எந்த ஒயின் தாங்கும்னு யாராவது குடிச்சுப் பாத்தவங்க சொல்லுங்க.