குன்னூர் ஈரத்தில் கௌபாய் காமிக்ஸ்: ஒரு தகரப்பெட்டி பற்றிய ஐயம்

குன்னூர் தகரப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். அறுபதுகளில் துரை ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பியபோது, தம் பிள்ளைகள் படித்துப் போட்டிருந்த படக்கதைகளை ஒரு தகரப்பெட்டியோடு தாத்தாவிடம் விட்டுச் சென்றார் என்பது எங்கள் வீட்டில் வழங்கும் கதை. சென்ற ஐப்பசி மழையில் பரண் ஒழுகவே பெட்டியை இறக்கிப் பார்த்தோம். உள்ளே நாற்பத்தொரு புத்தகங்கள் இருந்தன. டெல் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் லோன் ரேஞ்சர் (முகமூடி அணிந்த கௌபாய் வீரன்), ராய் ரோஜர்ஸ் (கௌபாய் திரைப்பட நடிகர்) இதழ்கள் பாதிக்கு மேல். மீதி லண்டனில் அச்சான சிறிய அளவுக் கருப்பு வெள்ளைப் புத்தகங்கள், பக் ஜோன்ஸ், கிட் கார்சன் சாகசங்கள். இவற்றோடு என் சித்தப்பா தம் மாணவப் பருவத்தில் வாங்கிய தமிழ் காமிக்ஸ்களைச் சேர்த்துத் தைத்த ஒரு பைண்டிங்கும் இருந்தது.

அட்டைகளில் சாம்பல் பூத்தாற்போல் பூசணம் படர்ந்திருக்கிறது. சில இதழ்களின் பின்கள் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிட்டது. ஒரு லோன் ரேஞ்சருக்கு அட்டையே இல்லை. அது எந்த ஆண்டு இதழ் என்பதுகூடத் தெரியவில்லை. இவற்றை எப்படித் தூய்மை செய்வது, இந்த ஊர் ஈரத்தில் எப்படிக் காப்பது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். விற்கும் எண்ணம் இல்லை. படிக்கலாமா, அல்லது பக்கத்தைப் புரட்டினாலே உதிர்ந்துவிடுமா என்பதுதான் என் பெரிய கவலை.

பெருமாள்மலை வாசகர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றும் செய்யாதிருங்கள். அவசரத்தில் செய்யும் வைத்தியம்தான் பழைய காமிக்ஸுக்குப் பூசணத்தைவிடப் பெரிய பகை. ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். மொட்டை வெயிலில் காயவைத்தால் நான்கு வண்ண அச்சில் சிவப்பும் மஞ்சளும் வெளிறிப்போகும், அட்டையும் வளைந்துகொள்ளும். கணப்பின் அருகே வைப்பதும் அதே கதைதான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கொடைக்கானலில் 1901 முதல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி இருந்ததால், பழைய புத்தகங்களோடு புத்தகங்களாக அமெரிக்கக் காமிக்ஸும் எப்போதாவது எங்கள் பக்கம் கைக்கு வரும். அப்படி வந்த ஒரு ராய் ரோஜர்ஸ் இதழைப் பூச்சியிடமிருந்து காப்பதாக எண்ணி, யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்த பஞ்சை அதன் மேலேயே வைத்துப் பெட்டியை மூடினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், புகைப்பட அட்டையில் அவருடைய குதிரை டிரிக்கரின் நெற்றியில் ஓர் எட்டணா அளவு எண்ணெய் வட்டம். அது இன்றுவரை போகவில்லை, தைல வாசனையும் போகவில்லை.

தை, மாசி மாதங்கள் வரை பொறுங்கள். மலையில் பகற்காற்று உண்மையாகவே உலர்ந்திருப்பது உறைபனி விழும் அந்தக் காலத்தில்தான். அப்போது காற்றோட்டமுள்ள நிழலான அறையில் புத்தகங்களைச் சற்றே விரித்து நிறுத்தி, பூசணம் காய்ந்து பொடியாகும் வரை சில நாள் விடுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, புதிய மென்மையான ஓவியத் தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தட்டிவிடுங்கள். அதுவரை, பூசணம் பிடித்தவற்றை நல்ல புத்தகங்களிலிருந்து பிரித்துத் தனி அறையில் வைப்பது முக்கியம்.

பைண்டிங்கைப் பிரிக்காதீர்கள். அந்தக் காலத்து பைண்டிங் கடைகளில் மூன்று பக்கமும் வெட்டித்தான் கொடுப்பார்கள். என்னுடைய ஒரு தொகுப்பில் வசன பலூன்களின் ஓரமே போய்விட்டது. பிரித்தால் மீதமிருப்பதும் போகும். நம் வீடுகளில் தமிழ்க் காமிக்ஸ் இத்தனை காலம் பிழைத்திருப்பதே அந்தக் காலிகோ அட்டையின் தயவால்தான்.

வெலிங்டன் பஜார் எழுதியது:

ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் அட்டை வைத்து ஒட்டிவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பளபளப்பான பி.வி.சி. கோப்பு உறைகள் வேண்டாம். நாளடைவில் அட்டையின் மை அதில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறைகள் நல்லவை, மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகள் அவற்றினும் நல்லவை. வாங்கும்போது அளவைப் பாருங்கள். ஐம்பதுகளின் அமெரிக்க இதழ்கள் இன்றைய இதழ்களைவிட அகலமானவை. இன்றைய அளவில் வாங்கினால் உள்ளே நுழைக்கும்போதே ஓரம் கிழியும். உறைக்குள் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி வைத்தால் அதன் பழுப்பு புத்தகத்திற்கும் ஏறும்.

உதகை நூலகப் பணியாளர் (ஓய்வு) எழுதியது:

மேலே நண்பர் உறைகளைப் பற்றிச் சொன்னது சரி, "ஒட்டிவிடுங்கள்" என்பது மட்டும் சமவெளிக்குரிய அறிவுரை. மூடுபனி சன்னல் வழியே அறைக்குள் நடந்து வருகிற ஊரில், மழை மாதத்தில் ஒரு புத்தகத்தை உறையிலிட்டு ஒட்டினால், நாம் அந்த ஈரத்தையும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறோம். காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 65 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் பூசணம் கிளம்புவதற்கு ஒழுகும் பரண் தேவையில்லை. ஆகவே ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி, ஐம்பதை ஒட்டி முள் நிற்கும் உலர்ந்த நாளில் உறையிடுங்கள். வாயை ஒட்டாமல் மடித்துவிட்டு, எல்லாவற்றையும் இறுக மூடும் ஒரு பெட்டிக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிற்கவையுங்கள். பொட்டலத்திலுள்ள ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாகிவிட்டால் அவற்றைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தகரப்பெட்டியைப் பாட்டியின் பட்டுப்புடவைக்குக்கூடக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த இரவில் அதன் உட்புறம் வியர்க்கும். பெட்டியோ அலமாரியோ வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்தால், அந்த இதழ்களைக் காற்றுப்புகாத பையிலிட்டு உறைகுளிர்ப் பெட்டியில் (ஃப்ரீசர்) பூஜ்யத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் பை முழுதும் அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது. இல்லையேல் பையின் மேல் படிய வேண்டிய பனித்துளி புத்தகத்தின் மேல் படியும்.

தாளின் பழுப்பைப் பற்றி எதுவும் செய்ய முயல வேண்டாம். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவான செய்தித்தாள் காகிதம் அது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியாலும் காற்றாலும் சிதைந்து அமிலமாகிறது. பத்து செண்ட் விலைக்கு விற்ற புத்தகத்தை எழுபது ஆண்டு வாழவைக்கும் எண்ணம் அச்சிட்டவர்களுக்கு இருந்ததில்லை. ஒளியும் ஈரமும் படாமல் வைத்தால் சிதைவு மெதுவாகும். கிழிசலுக்கு செல்லோ டேப் போட்டால் சில ஆண்டுகளில் அதுவே பழுப்புக் கறையாகும். துருப்பிடித்த கம்பிப் பின் நடுப்பக்கத்தை மேலும் கிழித்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

அட்டையில்லா இதழுக்கு வருகிறேன். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியீட்டு விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கதை தொடங்கும் பக்கத்தில் ஒரு கட்டத்தின் அடி ஓரத்தில், தலைப்பின் சுருக்கத்தோடு ஓர் எண் தேடுங்கள். பல டெல் இதழ்களில் கடைசி மூன்று அல்லது நான்கு இலக்கம் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும். 534 என்றால் 1953 ஏப்ரல். அதற்கு முன்னால் உள்ளது இதழ் எண். டெல் இதழ்களில் காமிக்ஸ் கோடு முத்திரை இல்லையே என்று ஐயப்பட வேண்டாம். 1954இல் மற்ற நிறுவனங்கள் கூடி அந்தத் தணிக்கை முறையை ஏற்படுத்தியபோது, எங்கள் இதழ்கள் ஏற்கெனவே நல்ல இதழ்கள்தாம் என்று சொல்லி டெல் அதில் சேர மறுத்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: இந்தக் கௌபாய் இதழ்களை டெல்லுக்காக உருவாக்கி அச்சிட்டுக் கொடுத்த விஸ்கான்சின் மாநில நிறுவனத்தின் பெயரே, கௌபாய் கதைகளை ஆங்கிலத்தில் அழைக்கும் அதே சொல்லான வெஸ்டர்ன்தான்.

குன்னூர் தகரப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துத் தேடியதில் அந்த எண் கிடைத்துவிட்டது. 537 என்று முடிகிறது. அப்படியானால் 1953 ஜூலை, என் தந்தை பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு. பூசணமில்லாத இதழ்களை மேசைமேல் தட்டையாக வைத்து, முழுதும் விரிக்காமல் படித்துப் பார்த்தேன், உதிரவில்லை. ஒரு தயக்கம் மட்டும் மிஞ்சியது. லோன் ரேஞ்சரின் பழங்குடித் தோழனான டான்டோவை அரைகுறை ஆங்கிலம் பேசவைத்திருப்பதைப் படிக்கும்போது, ஒரு மலைக்காரனாக எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

பெருமாள்மலை வாசகர் எழுதியது:

கூச்சம் வர வேண்டியதுதான். மலைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் மலைவாசிகளைப் பற்றி எழுதிய கதைகளை நாமும் போதிய அளவு படித்திருக்கிறோம். அதை மறைக்கவோ மன்னிக்கவோ தேவையில்லாமல், லோன் ரேஞ்சரின் ஓவியர் டாம் கில் வரைந்த குதிரையின் ஓட்டத்தை ரசிக்க என்னால் முடிகிறது. முடியாதவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. இத்தாலியில் 1948இல் தொடங்கி, பின்னர் நம் சிவகாசி வழியாகத் தமிழுக்கும் வந்த கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் தலைவனாகவும் இருப்பவன். அவனைப் படித்துவிட்டு டான்டோவிடம் திரும்பினால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆனால் லோன் ரேஞ்சர் கதை முடிந்ததும் இதழை மூடிவிடாதீர்கள். பின்பக்கங்களில் யங் ஹாக் என்ற துணைக்கதை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையர் வருகைக்கு முற்பட்ட காலத்தில், தம் ஊரை விட்டுத் தொலைதூரம் சென்ற இரண்டு பழங்குடி இளைஞர்கள் ஆற்றையும் விலங்கையும் பனியையும் எதிர்கொண்டு நடக்கும் கதை அது. துப்பாக்கியும் கிடையாது, முகமூடியும் கிடையாது. என் மூன்று இதழ்களில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தச் சில பக்கங்களைத்தான்.

குன்னூர் தகரப்பெட்டி எழுதியது:

இருக்கிறது ஐயா. அட்டை போன இதழில்தான் இருக்கிறது. அதன் கடைசித் தாள் மட்டும் பாதியில் கிழிந்து நிற்கிறது. வேறு யாரிடமாவது அதே 1953 ஜூலை இதழ் இருந்தால், அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? இளைஞர்கள் ஆற்றின் நடுவில் நிற்கிறார்கள்.