மாதம் ஒருமுறை ஓட்டும் பைக்கில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

கோவில்பட்டி350:
வணக்கம். எனக்கு வேலை சென்னையில், பைக் கோவில்பட்டி வீட்டில். 350 சிசி, 2022 மாடல், எஃப்ஐ வண்டி (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து செலுத்தும்), கிக்கர் கிடையாது. பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல்டு வகை. ஊருக்கு மாதம் ஒருமுறை போவேன், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகிவிடும். போய்ச் சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிகிறது. செல்ஃபை அழுத்தினால் ரிலே டக் டக் என்று அடிக்கிறது, மீட்டர் விளக்கு மங்குகிறது, இன்ஜின் சுற்றுவதே இல்லை.

அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். நான் கிளம்பிய முதல் பத்துப் பதினைந்து நாள் அவருக்கு எடுக்கிறது, அப்புறம் எடுப்பதில்லை. பேட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெக்கானிக் மறுபடியும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
தம்பி, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் வோல்ட், ஆம்பியர் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றி, கடையில் மெதுவாக சார்ஜ் போடச் சொல்லுங்கள். 8 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.8 ஆம்பியர் போதும். சீக்கிரம் தருகிறேன் என்று அதிக ஆம்பியர் வைத்தால் சீல்டு பேட்டரி சூடாகி உப்பிவிடும். சார்ஜ் ஏறியதும் ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12.7 வோல்ட் பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

அப்புறம் வண்டியில் மாட்டி, செல்ஃப் அழுத்தும் அந்த நொடியில் மல்டிமீட்டரைப் பாருங்கள். 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 10க்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. ஓடும்போது சுமார் 3000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சரி.

அப்பா செய்யும் ஐந்து நிமிட விஷயத்துக்கு வருகிறேன். நிறைய வீடுகளில் நல்லெண்ணத்தில் செய்வது இது, ஆனால் பேட்டரிக்குப் பலன் இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க வழி கிடையாது. வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது, இன்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்டில் பெரும்பகுதியை ஹெட்லைட்டும் பெட்ரோல் பம்பும் இசியுவும் (வண்டியின் கம்ப்யூட்டர்) இக்னிஷனும் தின்றுவிடும். மிச்சம், ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பித் தந்தாலே பெரிது. இன்ஜினும் முழுச்சூடு ஏறாது. சைலன்சருக்குள் நீர் தங்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். அப்பாவால் ஓட்ட முடிந்தால் வாரம் ஒருமுறை எட்டயபுரம் ரோட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்.

நல்ல பேட்டரி சும்மா நின்றால் இரண்டு வாரத்தில் இப்படி இறங்காது. ஏதோ ஒன்று குடிக்கிறது. வண்டியில் தனியாக ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

கோவில்பட்டி350:
ஆமாம் அண்ணா. திருட்டுப் பயத்தில் ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருக்கிறேன். ஹேண்டிலில் மொபைல் சார்ஜர் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது சாவி போட்டால்தான் வேலை செய்யும்.

நெல்லை ரைடர்:
டிராக்கர்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அளந்து பார்த்துவிடுங்கள், கஷ்டமில்லை. சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயரை 10ஏ ஓட்டைக்கு மாற்றி, திருகியை 10 ஆம்பியர் டிசிக்கு வையுங்கள். ஒரு முனையைக் கழற்றிய ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால், வண்டி எடுக்கும் கரண்ட் மீட்டர் வழியாகப் போகும். எண் மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும்.

ஒன்று கவனியுங்கள். டிராக்கருக்குள் ஒரு குட்டி பேட்டரி உண்டு. இணைப்பு வந்ததும் முதலில் அதைத்தான் நிரப்பும், அதனால் ஆரம்பத்தில் எண் பெரிதாகத் தெரியும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். சிக்னல் அனுப்பும்போதும் எண் எகிறி இறங்கும்.

மாதக் கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியரை 0.72ஆல் பெருக்கினால் 30 நாளில் எத்தனை ஆம்பியர் அவர் போகும் என்று வந்துவிடும்.

கோவில்பட்டி350:
இந்த முறை ஊருக்கு வந்து எல்லாம் பார்த்துவிட்டேன். சார்ஜ் போட்டு ஓர் இரவு வைத்தபின் 12.7. செல்ஃப் அழுத்தும்போது 10.4. ஓடும்போது 14.2. டிராக்கரோடு அளந்தபோது முதலில் 80 மில்லி ஆம்பியர் காட்டியது, பிறகு இறங்கி 14ஐ ஒட்டி நின்றது. டிராக்கர் பியூஸைப் பிடுங்கியதும் 1க்கு வந்துவிட்டது.

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
பிடித்துவிட்டீர்கள் தம்பி. 14 மில்லி ஆம்பியர் என்றால் மாதத்துக்கு 10 ஆம்பியர் அவர். உங்கள் பேட்டரியே 8தான். பாதி இறங்கினாலே செல்ஃப் எடுப்பது கஷ்டம், அதனால்தான் இரண்டு வாரக் கணக்கு. பேட்டரி இன்னும் நல்லாத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம். ஆனால் இப்படிக் காலியாகவே நின்றால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு சார்ஜ் ஏறாது. வெயில் நேரடியாக அடிக்கும் தகரக் கொட்டகை என்றால் தானாக இறங்குவதும் வேகமாகும், நிழலில் நிறுத்துங்கள்.

வழி இரண்டு. டிராக்கர் வேண்டாம் என்றால் பியூஸை எடுத்துவிடுங்கள். 1 மில்லி ஆம்பியரை இந்த பேட்டரி இரண்டு மாதம் தாங்கும். நெகட்டிவையே கழற்றி வைத்தால் இன்னும் நல்லது, வண்டி மீட்டரில் மணி மட்டும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பிரேமில் பட்டாலே பொறி பறக்கும்.

டிராக்கர் வேண்டுமென்றால் பேட்டரி மெயின்டெய்னர், அதாவது மாட்டியே வைத்திருக்கும் சின்ன சார்ஜர், வாங்குங்கள். நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் பக்கம் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேடிக் வகையாக இருக்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரிக்கானதா என்று பார்த்து வாங்குங்கள், லித்தியத்துக்கு மட்டுமானது ஆகாது.

தென்காசி பிரியன்:
எங்கள் வீட்டில் கார் பேட்டரிக்கான பழைய சார்ஜர் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

நெல்லை ரைடர்:
வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் நிறைந்த பிறகும் நிறுத்தாது, ஆம்பியரும் இந்தச் சின்ன பேட்டரிக்கு அதிகம். காரிலிருந்து ஜம்ப் கொடுப்பது வேறு விஷயம், அதைக்கூட கார் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

கோவில்பட்டி350:
டிராக்கர் இருக்கட்டும், மெயின்டெய்னரே வாங்கிவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம். அப்பா ஒவ்வொரு முறையும் சீட்டைக் கழற்றி கிளிப் மாட்ட முடியாது. இடையில் கரண்ட் போய்வந்தால் அது தானாக வேலை செய்யுமா?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
சார்ஜரோடு பியூஸ் வைத்த வளைய ஒயர் ஒன்று வந்திருக்கும். அதை பேட்டரி போல்ட்டிலேயே நிரந்தரமாக மாட்டி, பிளக்கை சைடு பேனல் ஓரமாக வெளியே விடுங்கள். அப்பா பிளக்கைச் செருகினால் போதும். கரண்ட் விஷயம் சார்ஜருக்குச் சார்ஜர் மாறும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் மறுபடி பட்டனை அழுத்தி மோடு தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அப்படியானால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.