ஏதென்ஸில் குலுக்கல்: எங்கள் குடும்பக் குழுவில்

அண்ணன்: (படம்) கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் நிற்கிறது. இன்று எனக்கு ஓய்வு. ஏதென்ஸில் அகோரா என்ற பழைய சந்தைத் திடல் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறேன். இந்தக் கல் என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அத்தை: வரிசை வரிசையாகப் பிளவு இருக்கிறது. தபால் பிரித்து வைக்கிற அலமாரியா?

அண்ணன்: குலுக்கல் இயந்திரம் அத்தை. க்ளெரோதேரியோன் என்று பெயர். பழங்கால ஏதென்ஸில் வழக்கு விசாரிக்க வருகிறவர்கள் தங்கள் பெயர் பொறித்த தகட்டைக் கொடுப்பார்கள். அதை இந்தப் பிளவுகளில் செருகுவார்கள். ஓரத்தில் ஒரு குழாய் இருக்கும். அதன் மேலே கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கலந்து போட்டால் கீழே ஒவ்வொன்றாக வரும். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே. கறுப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம்.

பெரியப்பா: தீர்ப்பு சொல்ல ஆளைக் குலுக்கிப் போட்டா எடுப்பார்கள்? சட்டம் தெரிய வேண்டாமா?

அண்ணன்: பெரிய வழக்கு என்றால் 501 பேர் உட்காருவார்கள் பெரியப்பா. யாருக்கு எந்த வழக்கு என்பது அன்று காலையில்தான் தெரியும். யாரைப் பிடித்து லஞ்சம் கொடுப்பது?

சித்தப்பா: பேச்சுக்கும் அளவு உண்டு. தண்ணீர்க் கடிகாரம் வைப்பார்கள். அகோராவில் கிடைத்த ஒரு பானை சுமார் 6 நிமிடத்தில் காலியாகும்.

அத்தை: அதில் ஒன்று நம் வீட்டுக்கு வாங்கி வாடா. பெரியப்பாவுக்கு முன்னால் வைக்கலாம்.

பெரியப்பா: பார்த்தேன், பார்த்தேன். சரி, ஊர் நிர்வாகம்?

அண்ணன்: அதுவும் பெரும்பாலும் குலுக்கல்தான். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் என்ற தலைவர் மக்களை 10 பிரிவாக்கினார். நகரம், கடற்கரை, உள்நாடு மூன்றும் ஒவ்வொரு பிரிவிலும் கலந்திருக்கும். அதற்கு முன்பு வட்டாரத்துக்கு ஒரு பெரிய குடும்பம், அதன் பின்னால் ஒரு கூட்டம் என்று இருந்தது. பிரிவுக்கு 50 பேர், ஆக 500 பேர் அவை. 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் முடியாது.

பெரியப்பா: படைத் தளபதியுமா?

அண்ணன்: அங்கே மட்டும் விளையாடவில்லை. 10 தளபதிகளையும் வாக்களித்துத்தான் எடுத்தார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளிஸ் அப்படித்தான் வருடா வருடம் வந்தார்.

சித்தப்பா: குலுக்கலில் வந்தவனையும் அப்படியே விட மாட்டார்கள். ஆர்க்கன் என்ற உயர் அதிகாரி பதவிக்கு முன்னால் கேள்வி உண்டு: வரி கட்டினாயா, போருக்குப் போனாயா, பெற்றோரை நன்றாக நடத்துகிறாயா. பதவி முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும்.

அத்தை: மூன்றாவது கேள்வியை இந்தக் குழுவில் கேட்டால் பாதிப் பேர் வெளியேறி விடுவார்கள்.

அண்ணி: அந்தத் தகடுகளில் பெண் பெயர் ஏதாவது இருக்கிறதா?

அண்ணன்: ஒன்றும் இருக்காது. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் யாருக்கும் இடமில்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டு வந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் மகன் குடிமகன்.

அண்ணி: தாய் உள்ளூர்க்காரியாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் கூட்டத்துக்கு வரக் கூடாது. நல்ல நியாயம்.

சித்தப்பா: அந்தச் சட்டம் அவர் வீட்டுக்கே வந்தது. அவரோடு வாழ்ந்த அஸ்பாசியா மிலீட்டஸ் ஊர்க்காரி. அவர்களுக்குப் பிறந்த மகன் குடிமகன் இல்லை. மூத்த மகன்கள் இருவரும் கொள்ளை நோயில் போன பிறகு பெரிக்ளிஸ் மக்களிடம் கேட்டு அவனுக்குக் குடியுரிமை வாங்கினார்.

அத்தை: தனக்கென்றால் தனிச் சட்டம்!

சித்தப்பா: முழுக்கக் கேள். அவன் பின்னால் தளபதி ஆனான். கி.மு. 406-இல் அர்ஜினூசே கடற்போரில் எட்டுத் தளபதிகள் சேர்ந்து ஜெயித்தார்கள். ஆனால் போரில் உடைந்த கப்பல்களில் இருந்தவர்களைப் புயலால் காப்பாற்ற முடியவில்லை. மக்கள் கொதித்துவிட்டார்கள். தளபதிகளைத் தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கத் தீர்மானம் வந்தது. அவையில் அந்த முறை சாக்ரடீஸ் இருந்தார். இது சட்டவிரோதம், வாக்குக்கு விட மாட்டேன் என்றார்.

பெரியப்பா: சாக்ரடீஸும் குலுக்கலில் வந்தவரா?

அண்ணன்: ஆமாம். மற்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் பயந்து இணங்கிவிட்டார்கள். ஊரில் இருந்த ஆறு தளபதிகளுக்கும் மரண தண்டனை. பெரிக்ளிஸின் மகனும் அதில் ஒருவன்.

அண்ணி: அடக் கடவுளே. அப்பா குடியுரிமை வாங்கித் தராமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பா: மற்ற இரண்டு தளபதிகள்?

சித்தப்பா: புத்திசாலிகள். ஊருக்கே திரும்பவில்லை.