வாரா வாரம் அஞ்சு சுவாரஸ்யமான விஷயம், நீங்கல்லாம் எங்க தேடறீங்க?

அஸ்தம்பட்டி_அகிலா:
வணக்கம் மக்களே, ஒரு யோசனை வேணும். வீட்ல இருந்தே சாஃப்ட்வேர் வேலை பாக்கறேன், எங்க டீம்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் அந்த வாரம் தான் பாத்த அஞ்சு சுவாரஸ்யமான விஷயத்த எல்லாருக்கும் மெயில் போடணும், டெக்னாலஜி, கலை, வேலை, நம்மள நாமே வளத்துக்கறதுன்னு எதா இருந்தாலும் சரி. அடுத்த மாசம் முழுக்க என் முறை. ஆனா வர்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, புதுசா வந்த ஏஐ டூல் ஒண்ணு, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறத பத்தி ஒண்ணு, நோட்ஸ் எடுக்கற ஆப் ஒண்ணு. எல்லார் போன்லயும் அதே அல்காரிதம், வேற எப்படி வரும்? எனக்கு அதுல சிக்காத விஷயம் வேணும், முடிஞ்சா நம்ம சேலம் பக்கத்துல இருந்தே. எங்க தேடறீங்க, கெடச்சத எப்படி எழுதி வெச்சுக்கறீங்க? ஏன் புடிச்சுதுன்னும் சேத்து சொல்லுங்க.

தறிவீட்டுப்பையன்:
எங்க வீடு அம்மாப்பேட்டை பக்கங்க, அப்பா பட்டு நெசவு. உங்க டீம்ல ப்ரோக்ராம் எழுதறவங்க இருப்பாங்கல்ல, ஒரு வரிக்கு 80 எழுத்துன்னு ஒரு வழக்கம் ஏன் வந்துச்சுன்னு கேட்டு மெயில ஆரம்பிங்க. கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம் 1928ல கொண்டுவந்த துளை அட்டைல, அதாவது ஓட்டை குத்தி தகவல் பதியற அட்டைல, எழுத்துக்கு ஒண்ணா 80 நெடுக்கு வரிசை, ஒரு அட்டைன்னா ஒரு வரி, அட்டை போய் திரை வந்தப்பறமும் அந்த அகலம் மட்டும் தங்கிருச்சு. சரி, அதுக்கும் முன்னாடி துளை அட்டை எங்க இருந்துச்சுன்னா தறியில. பிரான்ஸ்ல லியோன் நகரத்துல ஜக்கார்டுங்கறவர் 1804ல செஞ்ச மெஷின், அதோட வம்சம்தான் இன்னிக்கும் எங்க தறி மேல பொட்டியா உக்காந்திருக்கு.

வேலை எப்படின்னா, டிசைன மொதல்ல கட்டம் போட்ட பேப்பர்ல வரைவாங்க, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டை, நெறஞ்ச கட்டத்துக்கு நேரா ஓட்டை குத்துவாங்க. மிதிய அழுத்தினா அட்டை வந்து ஊசி வரிசைல படும், ஓட்டை இருக்கற எடத்துல ஊசி உள்ள போயிரும், அதோட கொக்கி மேல தூக்கும், கொக்கில கட்டியிருக்கற பாவு நூலும், அதாவது நீளவாட்டுல ஓடற நூலும், மேல வரும், ஓட்டை இல்லாத எடத்துல ஊசிய அட்டை தள்ளிரும், அந்த நூல் கீழயே நிக்கும். நடுவுல நாடா (நூல் சுத்தின கட்டை) ஓடி ஊடை, அதாவது குறுக்கு நூல், விழுந்துச்சுன்னா ஒரு வரி முடிஞ்சுது, அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. ஓட்டை இருந்தா 1 இல்லன்னா 0, இதாங்க ப்ரோக்ராம்.

1839ல லியோன்ல அந்த ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெய்தாங்க, அதுக்கு சுமார் 24,000 அட்டை ஆச்சு. அந்த பட்டுப் படத்துல ஒண்ணு பாபேஜ் கைல இருந்துச்சு, கம்ப்யூட்டருக்கு முன்னோடின்னு சொல்ற இங்கிலாந்துக்காரர், அவர் திட்டம் போட்ட கணக்கு இயந்திரத்துலயும் இதே மாதிரி துளை அட்டைதான். நான் கம்ப்யூட்டர் படிச்சப்ப பாபேஜ் பேரு வந்துச்சு, தறி வரல, அதனாலதான் இத எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். அட்டை குத்தறவங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, ஒரு ஓட்டை மாறி விழுந்தா அந்த பிசகு சேலை முழுக்க ஒவ்வொரு பூவுலயும் திரும்பத் திரும்ப வரும், அதனால கோக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அட்டையையும் பேப்பரோட ஒத்துப் பாப்பாங்க. டெஸ்டிங்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அங்கதான்.

சூரமங்கலம்_ரயில்:
தம்பி சொன்னதுல ஒரு கண்ணி விட்டுப்போச்சு. தறில இருந்து நேரா ஐபிஎம்முக்கு வரல. நடுவுல ஹாலரித்துங்கறவர் இருக்கார், 1890 அமெரிக்க மக்கள்தொகை கணக்கெடுப்ப துளை அட்டை மெஷின்ல எண்ணிக் குடுத்தவர். தனக்கு யோசனை வந்தது ரயில் பயணத்துலன்னு அவரே எழுதி இருக்கார். அப்ப அங்க கண்டக்டருங்க டிக்கெட்ல முடி நிறம், கண்ணு நிறம், மூக்கு இப்படி பயணியோட அடையாளத்துக்கு ஓட்டை போடுவாங்களாம், ஒருத்தர் டிக்கெட்ல இன்னொருத்தர் போகாம இருக்க. அவர் கம்பெனியும் வேற சிலதும் 1911ல ஒண்ணாச்சு, 1924ல அதுக்குதான் ஐபிஎம்னு பேர் மாத்தினாங்க. ரயில்வேல வேலை பாத்தவன்ங்கறதால இத விட மனசு வரல.

சேர்வராயன்_காப்பி:
அகிலா, ஏற்காடு வந்தா எல்லாரும் ஏரி, லேடீஸ் சீட்டுன்னு போயிட்டு வந்துர்றாங்க. ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு ஒருக்கா போங்க, ராபர்ட் புரூஸ் ஃபூட்டோட அஸ்தி அங்கதான் இருக்கு. 1863 மே 30ல பல்லாவரத்துல கல் கோடரி ஒண்ண எடுத்து, பழைய கற்காலத்து மனுஷன் நம்ம மண்ணுல இருந்தான்னு காட்டினவர். அவரோட சம்பள வேலை அது இல்ல, புவியியல் ஆய்வுத் துறைல பாறைகள மேப் போடறது, கல் ஆயுதம் சேத்ததெல்லாம் அந்த வேலைக்கு ஊடாலயேதான். ரிட்டையர் ஆனப்பறம் ஏற்காட்டுல குடியிருந்தார், சேத்ததெல்லாம் 1904ல மெட்ராஸ் மியூசியம் வாங்குச்சு, 1912ல இறந்தார், அந்த கல்லுங்களோட பட்டியல் புத்தகமா வந்தது அதுக்கப்பறம்தான்.

எழுதி வெக்கறத பத்தி கேட்டீங்கல்ல, அந்த பட்டியல்ல எந்த கல்லு எந்த எடத்துல கெடச்சுதுன்னு இருக்கும். எடம் தெரியாத கல்லு வெறும் கல்லுதான், ஆராய்ச்சிக்கு உதவாது. நான் தோட்டத்து நோட்டுலயே எழுதறேன்: விஷயம், எங்க பாத்தேன், யார் சொன்னாங்க, அப்ப எனக்கு என்ன தோணுச்சு. நாலு வரிதான். லிங்க் செத்துப்போனாலும் அந்த நாலு வரி நிக்குது.

ஃபீட்_பிரியன்:
அல்காரிதத்துல இருந்து தப்பிக்க ஆர்எஸ்எஸ் ஃபீடுதாங்க வழி, ஒரு தளத்துல புதுசா வர்றத நேரா நமக்கு கொண்டுவந்து குடுக்கற வசதி. 1999ல இருந்து இருக்கு, ஃபீட் படிக்க வெச்சிருந்த கூகுள் ரீடர 2013ல மூடினதும் செத்துருச்சுன்னு நெனச்சாங்க, ஆனா பாட்காஸ்ட் பெரும்பாலும் இன்னும் அது மேலதான் ஓடுது. ஃபீட்லி, இனோரீடர் மாதிரி ஃபீட் படிக்கற ஆப் ஒண்ணுல கணக்கு தொறந்துக்கோங்க, வேர்ட்பிரஸ் தளம்னா பெரும்பாலும் முகவரிக்கு பின்னாடி ஸ்லாஷ் ஃபீட்னு சேத்தாலே வரும். யாரைப் படிக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்க, வரிசை தேதிப்படி, அவ்வளவுதான். உங்க வேலைக்கு சம்பந்தமே இல்லாத ஆளுங்கள பாதிக்குப் பாதி வைங்க, நாட்டு வைத்தியம், பறவை பாக்கறவங்க, கல்வெட்டு படிக்கறவங்கன்னு. சுவாரஸ்யமானது அங்கிருந்துதான் வரும்.

குரூப்2_தயாரிப்பு:
அக்கா நான் படிக்கறது ஞாபகம் நிக்க லைட்னர் பெட்டி வெச்சிருக்கேன், 1972ல ஜெர்மன்காரர் ஒருத்தர் சொன்ன முறை. கேள்விய சீட்டுல எழுதி, சரியா சொன்னா அடுத்த அறைக்கு, மறந்துட்டா திரும்ப மொத அறைக்கு, பின்னாடி அறைங்கள இன்னும் அதிக நாள் விட்டு விட்டு எடுத்துப் பாக்கணும். பழைய ஸ்வீட் பாக்ஸ்ல அட்டை தடுப்பு வெச்சாலே போதும். வாரம் பாத்த நல்ல விஷயத்தையும் ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டுருவேன், அதனால மறக்கறதில்ல.

அஸ்தம்பட்டி_அகிலா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மொத வாரம் தறியும் ரயிலும், ரெண்டாவது வாரம் ஃபூட். அந்த நாலு வரி முறைய இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன், ஃபீடும் போட்டாச்சு. தறிவீட்டுப்பையன், உங்க வீட்டுக்கு வந்து அட்டை ஓடறத வீடியோ எடுத்துக்கலாமா? படிச்சத விட பாத்தத அனுப்பணும்னு தோணுது.

தறிவீட்டுப்பையன்:
தாராளமா வாங்க. பாவு பிணைக்கற நாள்ல வந்தா தறி ஓடாது, அதனால முன்னாடியே மெசேஜ் போடுங்க. காலைல பத்து மணிக்குள்ள வெளிச்சம் நல்லா விழும், ஊசி போறது வீடியோல தெளிவா தெரியும். அப்பாகிட்ட சொல்லிட்டேன், பழைய அட்டை ரெண்டு எடுத்து வெக்கறேன்னார், உங்க டீமுக்கு காட்டுங்க.