வீடுகளை ஒட்டிய காட்டில் கொயோட்டி, வான்கோழி வேட்டை தகுமா?

புதுவேட்டை:
அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்துக்குக் கிழக்கே, வீட்டுமனைகளை ஒட்டிய ஒரு சிறு காட்டில் இந்த ஆண்டு முதன்முறையாக வேட்டைக்கு இறங்கவிருக்கிறேன். அங்கே அனுமதி உண்டு என்று உறுதிசெய்துகொண்டேன்; கட்டாயப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமமும் பெற்றுவிட்டேன். மார்ச் தொடக்கத்தில் வேட்டைப் பருவம் முடிவதற்குள் கொயோட்டி (ஓநாய்க்கு உறவான, நாய் போன்ற காட்டுவிலங்கு), ஏப்ரல் கடைசித் திங்களன்று தொடங்கும் பருவத்தில் வான்கோழிச் சேவல் என்பது என் திட்டம். கொயோட்டியை அருகில் வரவழைக்க, முயல் அலறுவதுபோல் ஒலிக்கும் ஊதலை வாங்கிப் பழகிவருகிறேன். 1851-இல் இம்மாநிலத்திலிருந்து அற்றுப்போன வான்கோழியை, 1970-களில் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்துதான் மீட்டார்கள். அவற்றைத் தின்னும் கொயோட்டியைக் குறைப்பது நல்லதுதானே? கொயோட்டிக்கு .22 ரைஃபிள் (சிறு தோட்டா சுடும் நீளத் துப்பாக்கி) போதுமா?

ஓக்மரநிழல்:
உங்கள் உரிமத்தை நான் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தைத்தான் கேட்கிறேன். அப்படிப்பட்ட ஒரு காட்டோரத்தில்தான் நானும் குடியிருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் பொழுது சாயும் வேளையில், மரங்களுக்குள்ளிருந்து முயல் அலறும் சத்தம் கேட்டதும், என் நாய் காதுகளை விடைத்துக்கொண்டு வாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மணல் நிறம், நிமிர்ந்த காது, முப்பது கிலோ எடை. அந்த மங்கலில் ஊதலோடு காத்திருப்பவர் அதை எதுவென்று எடுத்துக்கொள்வார்? நல்லவேளையாக அவர் சுடவில்லை.

வான்கோழிக்கு நன்மை என்பதும் சரியன்று. கொயோட்டிகள் 1950-களிலேயே இம்மாநிலத்துக்கு வந்துவிட்டன. அவற்றின் நடுவில்தான் அந்த 37 பறவைகள் இன்று முப்பதாயிரத்துக்கும் மேலாகப் பெருகியிருக்கின்றன. ஒன்றைக் கொன்றால் காலியாகும் எல்லைக்குள், இடம் தேடி அலையும் வேறோர் இளங்கொயோட்டி வந்து சேரும். வான்கோழி முட்டைகளைத் தின்பதில் ரக்கூன், ஸ்கங்க் போன்ற சிறு காட்டுவிலங்குகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

பழையதோட்டா:
இருபது ஆண்டுகளாக வேட்டையாடுகிறவன் என்ற முறையில், முதலில் ரைஃபிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். .22 தோட்டா ஒன்றரை மைல், அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் வரை பாயக்கூடும் என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். குடியிருப்பவரின் அனுமதியின்றி வீட்டிலிருந்து 500 அடிக்குள் சுடக்கூடாது என்று சட்டம் சொல்வது மிகக் குறைந்த வரம்பு மட்டுமே. குறி தவறிய தோட்டாவுக்கு அந்த எல்லை தெரியாது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ரைஃபிளைத் தூக்காதீர்கள்.

வான்கோழிக்கு, ஒரே வெடியில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்தான்; இங்கே நான்காம் எண் அளவைவிடப் பெரிய ரவை கூடாது (எண் குறையக் குறைய ரவை பெரிது). பருவத்துக்கு முன்பே, 40 கஜத்தில் ஒரு பெரிய தாளைக் கட்டி, நடுவில் பத்து அங்குல வட்டம் வரைந்து சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் ரவைகள் நெருக்கமாக விழாவிட்டால் 30 கஜத்துக்கு வாருங்கள். காட்டில், தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலையில் உள்ள நிறங்கள் என்பதால், உங்கள் கைக்குட்டையில்கூட அவை இருக்கக்கூடாது. சேவல் கத்தும் திசையை நோக்கி ஒருபோதும் பதுங்கிச் செல்லாதீர்கள். அங்கே கத்துவது இன்னொரு வேட்டைக்காரரின் கையிலிருக்கும் ஊதலாக இருக்கலாம்.

ஓக்மரநிழல் அம்மாவுக்கு ஒரு சொல்: நாடெங்கும் வனவிலங்குகளை மீட்கும் பணிக்கு, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நாங்கள் செலுத்தும் வரி பெரிதும் உதவியிருக்கிறது. எங்களை அந்தக் காட்டுக்கு அந்நியராகக் கருதாதீர்கள்.

ஓக்மரநிழல்:
அந்த நன்றி எனக்கு உண்டு, ஐயா. முதுகு சாய்த்து அமர்ந்து, அருகில் வந்த சேவலைச் சுடுபவரிடம் எனக்குப் பெரிய வழக்கில்லை. நாய்க்கும் கேட்கும் அலறலை எழுப்பி, அரையிருளில் வருவதைச் சுடுவதைத்தான் எதிர்க்கிறேன். இம்மாநிலத்தில் ஞாயிறன்று வேட்டை இல்லை. மற்ற ஆறு நாளும் நாங்கள் வீட்டுக்குள் முடங்க முடியாது.

புதுவேட்டை:
ரைஃபிளை விட்டுவிடுகிறேன். கொயோட்டி வேட்டையைக் கைவிடவில்லை. ஆனால் அந்தக் காட்டில் ஊதலை எடுக்க மாட்டேன், மேற்கே பெருங்காட்டுக்குப் போகிறேன். வான்கோழிக்கு இங்கேயே அமர்வேன். நடைபாதை எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்த வாரமே பகலில் நடந்து பார்த்து, அதில் நடப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வராதபடி ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

ஓக்மரநிழல்:
அப்படியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு அறிவிப்பும் ஒட்டுங்கள். என் நாய்க்கு ஆரஞ்சுச் சட்டை வாங்கிவிட்டேன்; கொயோட்டி பற்றிய என் எதிர்ப்பு மட்டும் மாறவில்லை.