மறு: ‘ஹெவி ஹேண்டட் மாடரேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பொழுதுபோக்குக் குழுக்களை நடத்துபவர்களுக்காகச் சின்னக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். நாணயம் சேர்ப்பவர்கள், மாடித்தோட்டம் போடுபவர்கள், பறவை பார்ப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் படிப்பார்கள். குழுவில் வரும் இடுகைகளைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் மாடரேஷனுக்கு மட்டுறுத்தல், அதைச் செய்யும் மாடரேட்டருக்கு மட்டுறுத்துநர். தமிழ் இணையத்தில் இவை ஊன்றிவிட்ட சொற்கள் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. அந்த மட்டுறுத்துநரே எடுத்ததற்கெல்லாம் நீக்குவது, பூட்டுவது, வெளியேற்றுவது என்று இறங்கினால் அதை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் ‘ஹெவி ஹேண்டட் மாடரேஷன்’ என்று முடித்துவிடுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு ‘கனமான கை மிதப்படுத்தல்’ என்று தந்தது. சிரித்துவிட்டு அழித்துவிட்டேன்.

இப்போதைக்கு ‘மிகைமட்டுறுத்தல்’ என்று போட்டிருக்கிறேன். கூடவே ‘ஷேடோ பேன்’, அதாவது ஒருவருக்கே தெரியாமல் அவர் இடுகைகளைப் பிறரிடமிருந்து மறைப்பது, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘நிழல் தடை’ என்று எழுதினால், நிழல்வலை கட்டக் கூடாது போலிருக்கிறது என்று மாடித்தோட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சென்னையிலிருந்து:

வணக்கம் அக்கா.

> இப்போதைக்கு ‘மிகைமட்டுறுத்தல்’ என்று போட்டிருக்கிறேன்

இதைத்தான் மாற்றச் சொல்வேன். மிகை என்றால் அளவு கூடிப்போனது. நீங்கள் சொல்ல வருகிற குற்றம் அளவைப் பற்றியதே இல்லை.

ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ‘ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்’ என்றொரு குழு இருக்கிறது. வரலாற்றுக் கேள்விகளுக்கு விரிவான, கேட்டால் ஆதாரம் காட்டக்கூடிய பதில் மட்டும்தான் அங்கே நிற்கும். ஒரு வரிக் கிண்டல், விக்கிப்பீடியாவிலிருந்து வெட்டி ஒட்டியது, ‘எங்கள் தாத்தா சொல்லுவார்’ வகை எல்லாம் போய்விடும். பரபரப்பான கேள்வி ஒன்றைத் திறந்தால் நீக்கப்பட்ட பதில்களின் தடம்தான் வரிசையாகத் தெரியும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மிகைமட்டுறுத்தல் என்ற பட்டத்தை முதலில் அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தரமான குழு என்று பேரெடுத்ததும் அவர்கள்தான். விதிகளை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள், நீக்கினால் ஏன் என்று சொல்கிறார்கள். கேள்வி கேட்கவும் வழி இருக்கிறது.

நம் பக்கம் பாருங்கள். பறவைப் படக் குழுக்கள் பலவற்றில் கூட்டில் இருக்கும் பறவையின் படத்தைப் போடவே விடமாட்டார்கள். போட்டால் உடனே எடுத்துவிடுவார்கள். படம் எடுக்கப்போகிற கூட்டத்தால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடலாம் என்பதால் வந்த விதி அது. பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்டு தளம்கூடப் பிடிபடும் ஆபத்துள்ள சில இனங்களைப் பார்த்த இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டுவதில்லை. நாணயக் குழுக்களில் ‘என்னிடம் பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறது, எத்தனை லட்சத்துக்குப் போகும்?’ என்ற கேள்வியைப் பார்த்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. பழைய நோட்டு, நாணயம் வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் ஏமாற்று பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது.

இதெல்லாம் கண்டிப்பு. அக்கா கேட்பது இது இல்லை.

இன்னொன்றைச் சொல்கிறேன். நான் இருந்த ஒரு புகைப்படக் குழுவில் பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். இடுகை காணாமல் போனது. ஏன் என்று கேட்டு அவர் போட்டதும் போனது. ‘பூஞ்சை பற்றிப் பேசக் கூடாதா?’ என்று கேட்ட வேறொருவர் குழுவிலிருந்தே போனார். மொத்தம் இரண்டு இடுகை, ஒரு ஆள். இதில் மிகை எங்கே இருக்கிறது? ஆனால் அதற்கப்புறம் அந்தக் குழுவில் யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. காலை வணக்கப் படங்கள் மட்டும் தவறாமல் வந்தன.

‘தணிக்கை’ என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஒத்துவராது. திரைப்படத் தணிக்கை வாரியம்கூட எந்தக் காட்சியை வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும், மறுபரிசீலனைக்குப் போகலாம். ‘வன்மட்டுறுத்தல்’ என்றால் வன்முறை வாடை அடிக்கிறது. ‘கடுமட்டுறுத்தல்’ மறுபடியும் அந்த வரலாற்றுக் குழுவையே குறிக்கும்.

பேச்சில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கெடுபிடி. ‘கண்டிப்பான வாத்தியார்’ என்றால் அதில் பாதி மரியாதை. ‘கெடுபிடி பண்ணுகிற வாத்தியார்’ என்று யாராவது மரியாதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போலீஸ் கெடுபிடி, சுங்கக் கெடுபிடி என்று செய்தித்தாள் எழுதுவதும் அதிகாரத்தில் இருப்பவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றித்தான்.

‘கெடுபிடி மட்டுறுத்தல்’ என்பது என் முன்மொழிவு. நடுவில் ஒற்று மிகாது, எழுதவும் எளிது.

மதுரையிலிருந்து:

தம்பி சொல்வது காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் ஒரு இடிப்பு இருக்கிறது. நீட் தேர்வு வந்தால் ‘தேர்வு மையங்களில் கெடுபிடி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். முழுக்கைச் சட்டை கூடாது, நகை கூடாது என்பதெல்லாம் முன்கூட்டியே அறிவித்த விதிகள். விதி எழுத்தில் இருந்தும் மக்கள் கெடுபிடி என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் விதியைச் சொல்லிவிட்டால் கண்டிப்பு, சொல்லாவிட்டால் கெடுபிடி என்ற உங்கள் பிரிப்பு நிற்காது.

இன்னொன்றும் உண்டு. குழுத் தலைமையில் இருப்பவர்கள் எல்லாம் ஆணவத்தால் இப்படிச் செய்வதில்லை. பாதிப் பேருக்குப் பயம். யாரோ ஏதோ போட, நம் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்குமோ என்று வாட்ஸ்அப் அட்மின்கள் பலர் நடுங்கினார்கள். உறுப்பினர் போட்டதற்கு அட்மின், அட்மினாக இருப்பதாலேயே பொறுப்பாக மாட்டார் என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. ஆனாலும் பயம் போன மாதிரி தெரியவில்லை. சம்பளம் இல்லாத வேலை, ராத்திரி பதினோரு மணிக்குச் சண்டை விலக்க வேண்டும். பேசாமல் ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று அமைப்பை மாற்றிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். இதையும் கெடுபிடி என்பீர்களா?

சென்னையிலிருந்து:

நீட் எடுத்துக்காட்டு சரியான அடி, ஐயா. ஆனால் அது சொல்லைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. அங்கே விதி எழுத்தில் இருந்தாலும், வாசலில் நிற்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்க முடியாது. கேட்டால் தேர்வே போய்விடும். அதனால்தான் அது கெடுபிடி. விதி இருக்கிறதா என்பதைவிட, கேட்கலாமா என்பதை வைத்துப் பிரிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இரவில் குழுவைப் பூட்டிவிட்டுக் காலையில் காரணம் சொல்லித் திறக்கிற அட்மின் என் கணக்கில் கெடுபிடிக்காரர் இல்லை. பூட்டியதைப் பற்றிப் பேசியவரை வெளியேற்றினால்தான் அந்தப் பெயர்.

வெளியிலும் விவாதம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. மட்டுறுத்தல் பற்றி 2018-இல் வந்த சாண்டா கிளாரா கோட்பாடுகள் சமூக ஊடக நிறுவனங்களிடம் மூன்றைக் கேட்டன. எத்தனை நீக்கினீர்கள் என்ற கணக்கு, நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு, மேல்முறையீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022-ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டமும் நீக்கினால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது. எவ்வளவு நீக்கலாம் என்று இரண்டும் உச்சவரம்பு வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். இங்கே ‘கெடுபிடி’ என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும்தான். எங்கள் பத்திரிகைகளில் ‘இராணுவக் கெடுபிடி’ என்றுதான் அதிகம் வரும். உங்கள் பனிப்போர் எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் கெடுபிடிப் போர். ஆகவே பூச்செடிக் குழுவில் ஒரு இடுகையை அழித்ததற்கு இந்தச் சொல் கொஞ்சம் பாரமாகத்தான் விழும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கரையிலும் விளங்குகிற சொல் கிடைப்பது அபூர்வம். முன்பு மட்டுறுத்துநருக்குப் பதிலாக ‘நெறியாளர்’ என்று ஒருவர் கொண்டுவந்தபோது, எங்களுக்கு அது நாடகத்தை இயக்குபவர் என்று சொல்லித் தடுத்தது நினைவிருக்கும். கெடுபிடியில் அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது அகப்பட்டவன் வாயிலிருந்து வருகிற சொல். கெடுபிடி செய்பவர் தான் கெடுபிடி செய்வதாக ஒருநாளும் சொல்லார். ராவெல்ரியை எடுத்துப் பாருங்கோ. பின்னல் வேலை செய்பவர்களுக்கான பெரிய அமெரிக்கத் தளம். 2019 ஜூனில் டிரம்புக்கும் அவருடைய நிர்வாகத்துக்கும் ஆதரவாக எதையும் பதிவிடக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். பேச்சில் மட்டும் அல்ல, பின்னல் வடிவங்களிலும் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆர்பிஜி.நெட் என்ற கதைவிளையாட்டுக் குழு கொண்டுவந்த விதியைப் பார்த்துத்தான் எழுதினதாகவும் சொன்னார்கள். காரணத்தை வெளிப்படையாக எழுதினார்கள். டிரம்பை ஆதரிப்பவர்கள் உறுப்பினராக இருக்கலாம், இங்கே அதைப் பேசக் கூடாது, அவ்வளவுதான் என்றார்கள். வெளியேற்றப்பட்டவரும் காசு கொடுத்து வாங்கிய வடிவங்களை இழக்கமாட்டார் என்றும் இருந்தது. ஒரு பக்கத்தார் பாராட்டினார்கள், மற்றப் பக்கத்தார் குரல்வளையை நெரிக்கிறார்கள் என்றார்கள். சென்னைத் தம்பியின் அளவுகோலில் இது கண்டிப்பா, கெடுபிடியா?

சென்னையிலிருந்து:

என் அளவுகோலில் கண்டிப்பு, அக்கா. அந்த விதி சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஒரு விதியை முழுமூச்சாக எதிர்க்கிறவரும் அது எங்கே எழுதியிருக்கிறது, என்ன சொல்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறதென்றால், அவருக்குப் பிடிக்காதது விதிதான். பூஞ்சைக்காரருக்கு எதிர்ப்பதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லையே.

‘அகப்பட்டவன் சொல்’ என்றதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். கையேட்டில் ‘கெடுபிடி மட்டுறுத்தல் செய்யும் குழுக்கள்’ என்று பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. ‘உறுப்பினர்கள் கெடுபிடி என்று முறையிடும்போது’ என்று எழுதலாம்.

மதுரையிலிருந்து:

சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன். ஷேடோ பேனுக்கு வருவோம். தடை செய்யப்பட்டவர் பதிவிட்டுக்கொண்டே இருப்பார், அவர் திரையில் எல்லாம் வழக்கம்போலத் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. எரிதம் (ஸ்பேம்) அனுப்புபவர்களை ஏமாற்றத்தான் இது பெரும்பாலும் பயன்பட்டது. தடை என்று தெரிந்தால் அடுத்த நிமிடம் புதுக் கணக்கோடு வந்து நிற்பார்கள் அல்லவா? ரெடிட் 2015-இல் சாதாரணப் பயனர்களுக்கு இதை விட்டுவிட்டு, அறிவித்துக் கணக்கை முடக்கும் முறைக்கு மாறியது.

‘மறைதடை’ என்று ஒரு யோசனை. வினைத்தொகை என்பதால் ஒற்று வராது. ‘மறைத்தடை’ என்று யாராவது எழுதினால் வேதத்துக்குத் தடை என்றாகிவிடும், அந்த வம்பு வேண்டாம் என்றால் ‘கரவுத்தடை’. கரவு என்பதில் மறைப்பும் இருக்கிறது, வஞ்சனையும் இருக்கிறது. தடை விழுந்ததே தெரியாமல் ஒருவரைப் பேசவிடுவதில் இரண்டும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கரவு நல்ல சொல், ஆனால் பூச்செடிக் குழுவில் எத்தனை பேருக்கு விளங்கும்? மறைதடைக்கே என் வாக்கு. ஒற்றுப்பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம்.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

‘கெடுபிடி மட்டுறுத்தல்: காரணம் சொல்லாமலும், கேட்பதற்கு இடம் தராமலும் இடுகைகளையோ உறுப்பினர்களையோ நீக்குதல். நீக்கும் எண்ணிக்கையால் மட்டும் ஒன்று கெடுபிடி ஆகாது. ஒப்பிடுக: கண்டிப்பான மட்டுறுத்தல்.’

‘மறைதடை: ஒருவருடைய இடுகைகளை, அவருக்குத் தெரிவிக்காமல், பிறர் பார்வையிலிருந்து விலக்குதல்.’ கரவுத்தடையை அடைப்புக்குறிக்குள் கொடுக்கிறேன், மதுரை ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மிச்சம் இருப்பது ‘லாக்டு த்ரெட்’, அதாவது மேற்கொண்டு யாரும் பதில் எழுத முடியாதபடி மூடிய உரையாடல். ‘பூட்டிய இழை’ என்று எழுதினேன். தறி ஓட்டுகிற ஊர்க்காரர் ஒருவர், இழையை எப்படி அம்மா பூட்டுவீர்கள், முடிச்சுத்தான் போடலாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.