பெட்டியில கிளாஸ் 7னு போட்டுருக்கு, லாரியில என்னத்த ஒட்டுறது?

புதுடிஸ்பாட்ச்:
எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல டிஸ்பாட்ச் பாக்கச் சேந்து மூணு மாசம்தான் ஆகுது, தப்பா கேட்டா திட்டாதீங்க. வர்ற பட்டாசுப் பெட்டியில எல்லாம் கிளாஸ் 7 டிவிஷன் 2னு அச்சடிச்சு வருது. முதலாளி வண்டிக்கு டைமண்ட் ஸ்டிக்கர், அதான் என்ன ஆபத்தான சரக்குன்னு காட்டுற சாய்சதுர ஸ்டிக்கர், அடிச்சுட்டு வாடான்னாரு. நானும் ஸ்டிக்கர் கடையில போய் கிளாஸ் 7 ஹசார்ட் ஸ்டிக்கர்னு கேட்டேன், அந்தப் பையன் நெட்டுல தேடிப் பாத்துட்டு மேல மஞ்சள் கீழ வெள்ளை, நடுவுல மூணு றெக்கை காத்தாடி மாதிரி ஒரு படம், அப்படியே மூணு அடிச்சுக் குடுத்துட்டான். ஒட்டியும் முடிச்சாச்சு. டிரைவர் அண்ணன் வந்து பாத்துட்டு, ஏண்டா இது எக்ஸ்ரே ரூம் கதவுல ஒட்டுற படம்ல, நான் பட்டாசு ஏத்திட்டுப் போறேனா இல்ல ஆஸ்பத்திரிய ஏத்திட்டுப் போறேனாங்கிறாரு.

இது ஒண்ணு. இன்னொண்ணு, நேத்து ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டியோட சரக்கு வந்துச்சு, அதுல கிளாஸ் 7ஐயே காணோம், சில பெட்டியில 1.4ஜி யுஎன் 0336, சில பெட்டியில 1.3ஜி யுஎன் 0335. உள்ள இருக்கிறது அதே கம்பி மத்தாப்பு, அதே பூச்சட்டி, வாணம். ஒரே சரக்குக்கு எப்படிண்ணே மூணு நம்பர்? ரெண்டும் ஒரே லாரியில ஏறுனா எதை ஒட்டணும்?

வெடிமருந்துவாசம்:
தம்பி முதல்ல போய் அந்த மஞ்சள் ஸ்டிக்கர கிழிச்சுப் போடு, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். அது கதிரியக்கப் பொருளுக்கு உள்ளது. ஆபத்தான சரக்க ஏத்துறதுக்கு ஐநா பிரிச்சு வச்சிருக்கிற கணக்குல கிளாஸ் 7னா ரேடியோஆக்டிவ். வழியில வண்டி கவுந்துச்சுன்னு வையி, வர்ற பயர் சர்வீஸ்காரன் கிட்டயே வரமாட்டான், வேற டிரெஸ் போட்டவன் வரட்டும்னு நிப்பான், அதுக்குள்ள வண்டி எரிஞ்சு முடிஞ்சிரும்.

உன் பெட்டியில இருக்கிற கிளாஸ் 7 நம்ம ஊரு எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ரூல்ஸ் கணக்கு. அதுல வெடிபொருள எட்டு கிளாஸா பிரிச்சிருக்கான், 1 கருமருந்து, 2 நைட்ரேட் கலவை, இப்படியே போயி 6 தோட்டா, 7 பட்டாசு, 8 திரவ ஆக்சிஜன் வெடிமருந்து. 7லயே டிவிஷன் 1னா வெறும் மருந்துக் கலவை, டிவிஷன் 2னா செஞ்சு முடிச்ச பட்டாசு. வெள்ளக்காரன் காலத்துல இருந்து வர்ற பிரிவு இது, சட்டம் 1884, இப்ப ஓடுற ரூல்ஸ் 2008. லைசென்ஸ், குடோன் இதெல்லாம் இந்த நம்பர்லதான் ஓடும். ஐநா கணக்குல வெடிக்கிற எல்லாமே கிளாஸ் 1தான், அதுக்குள்ள 1.1ல இருந்து 1.6 வரைக்கும் டிவிஷன். யுஎன் 0336 மாதிரி வர்றது அந்தந்தச் சரக்குக்கு ஐநா குடுத்த நம்பர். வண்டியில ஒட்டுறது இந்தக் கணக்கு, ஆரஞ்சு டைமண்ட். நான் பேக்டரியில இருபது வருசம் குப்பை கொட்டிட்டேன், புதுசா வர்றவன் பத்துல அஞ்சு பேர் இந்த ரெண்டு 7லயும் விழுவான், வெக்கப்படாத.

கந்தகபூமி:
எக்ஸ்ரே ரூம் 😂😂 அந்த ஸ்டிக்கர் கடை எதுன்னு மட்டும் சொல்லுங்க ப்ரோ, போகாம இருக்கணும்

லேப்காரன்:
1.3, 1.4 விஷயத்துக்கு வர்றேன். அந்த நம்பர் மருந்துக்குக் குடுக்கிறது இல்லங்க, பெட்டியில அடுக்குன நிலையில தீப்பிடிச்சா மொத்தப் பெட்டியும் என்ன செய்யும்ங்கிறதுக்குக் குடுக்கிறது. 1.1னா ஒண்ணு வெடிச்சா எல்லாம் ஒரே நேரத்துல வெடிக்கும். 1.2 துண்டு துண்டா தெறிக்கும். 1.3 பெரிய நெருப்பு, கடுமையான சூடு, கொஞ்சம் வெடிப்பும் தெறிப்பும் இருக்கலாம். 1.4 பெரும்பாலும் பெட்டியோட நின்னுரும். டெஸ்ட்னு பாத்தா ஒரு பெட்டிய உள்ளுக்குள்ள பத்த வச்சுப் பாப்பாங்க, அடுக்கி வச்சு அதுல ஒண்ண பத்த வச்சுப் பாப்பாங்க, கடைசியா அடுக்கு மொத்தத்தையும் வெறக நெருப்பு மேல வச்சு எது எவ்வளவு தூரம் பறக்குதுன்னு பாப்பாங்க.

எல்லா அயிட்டத்துக்கும் இப்படி எரிச்சுப் பாக்க முடியாதுங்கிறதால பட்டாசுக்குன்னு ஒரு டீபால்ட் டேபிள் இருக்கு. பூச்சட்டி ஒண்ணுல மருந்து 1 கிலோவுக்கு கீழன்னா 1.4ஜி, அதுக்கு மேலன்னா 1.3ஜி. கம்பி மத்தாப்புல பெர்குளோரேட் இருந்தா ஒரு கம்பிக்கு 5 கிராம், ஒரு பாக்கெட்டுக்கு 10 கம்பி, இதுல எது தாண்டுனாலும் 1.3ஜி ஆயிரும். நைட்ரேட் மத்தாப்புன்னா கம்பிக்கு 30 கிராம் வரைக்கும் 1.4ஜிதான். அதனால ஒரே பேர்ல உள்ள சரக்கு ரெண்டு நம்பர்ல வர்றது தப்பே இல்ல. வாணத்துல பிளாஷ் பவுடர், அதான் சட்டுனு பலமா வெடிக்கிற மருந்து, அதோட பங்கு 25 சதவீதத்தத் தாண்டுனா நேரா 1.1ஜி, பேச்சே கிடையாது. கடைசில வர்ற ஜிங்கிறது கம்பாட்டிபிலிட்டி குரூப், எதோட எதைச் சேத்து ஏத்தலாம்ங்கிறதுக்கு. பட்டாசுக்கு பெரும்பாலும் ஜி, ரொம்ப சாதுவா இருந்தா எஸ்.

இந்த டேபிள் சும்மா வந்ததில்ல. 2000 மே 13, நெதர்லாந்துல என்ஸ்கெடே ஊருல வீடுகளுக்கு நடுவுல இருந்த பட்டாசு குடோன் போச்சு, 23 பேர் செத்தாங்க, அதுல 4 பேர் தீயணைப்பு வீரர்கள், ரோம்பேக்ங்கிற குடியிருப்பே தரைமட்டம். பெட்டியில பெரும்பாலும் 1.4னு போட்டிருந்தது, உள்ள இருந்ததுல நிறைய அதைவிட மோசமான ரகம். லேபிள நம்பி கிட்ட போனவன் கதி அது. அதனால எக்ஸ்போர்ட் பார்ட்டி வந்து 1.3ய 1.4னு அடிச்சுக் குடுங்க, வாடகை கம்மியாகும்னு சொன்னா நான் மூஞ்சியப் பாத்தே பேசமாட்டேன்.

வெடிமருந்துவாசம்:
லேப் சார் சொன்னது கரெக்ட். தம்பி, ரெண்டும் கலந்து ஏத்துனா பெரிய ஆபத்து எதுவோ அதுதான் வண்டியில. 1.3ம் 1.4ம் இருந்தா 1.3. ஆனா நம்பர் சிறுசா இருந்தா ஆபத்து ஜாஸ்தின்னு கணக்குப் போட்டுறாத, வரிசை 1.1, அப்புறம் 1.5, 1.2, 1.3, 1.6, கடைசியா 1.4. இன்னொண்ணு கவனி, 1.4 டைமண்ட்ல வெடிக்கிற குண்டு படமே இருக்காது, நம்பர்தான் பெருசா இருக்கும், ஸ்டிக்கர் கடைக்காரன் அழகுக்கு குண்டு படத்தச் சேத்துப் போட்டுருவான், வாங்குறப்பவே பாத்து வாங்கு.

குவாரிமணி:
பட்டாசுக்காரங்க மட்டும் பேசுறீங்க, எங்க குவாரி பொழப்பையும் சொல்றேன். கேப்பு, அதான் டெட்டனேட்டர், பி குரூப்பு, பாறைய உடைக்கிற ஜெலட்டின் வெடி டி குரூப்பு, ரெண்டையும் ஒண்ணா ஏத்தக்கூடாதுன்னு வெடி வைக்கிற எங்க பிளாஸ்டர் அண்ணன் தலைதலையா அடிச்சுக்குவாரு. ஒருநாள் டீசல் மிச்சம்னு ஒரு மேஸ்திரி ஜெலட்டின் பெட்டிய பின்னாடி போட்டு கேப்ப டிரைவர் சீட்டுக்கடியில சாக்குல சுத்தி வச்சுக் கொண்டாந்துட்டாரு, ஒண்ணும் ஆகல, ஆனா அண்ணன் அந்த வண்டி பக்கமே வரல, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு கேப்ப ஒரு ஆளு மட்டும் எடுத்துட்டுப் போறவரைக்கும் யாரையும் பீடி பத்த விடல. கேப்பு விரல் தண்டிதான் இருக்கும், ஆனா பக்கத்துல இருக்கிற ஜெலட்டின எழுப்பிவிடுறதுக்குன்னே செஞ்ச சாமான்ல அது.

டெக்சாஸ்தமிழன்:
இங்க அமெரிக்காவுல லாரி ஓட்டுறேன். 1.1, 1.2, 1.3 ஒரே ஒரு பெட்டி இருந்தாலும் நாலு பக்கமும் ஒட்டியே ஆகணும், 1.4க்கு 454 கிலோ வந்தாத்தான் கட்டாயம். கேபின்ல ஆரஞ்சு கலர் புக்கு ஒண்ணு கிடக்கும், அதுல 1.3 ஏத்துன வண்டி தீப்பிடிச்சா 1600 மீட்டர் தள்ளிப் போ, 1.4ன்னா 500 மீட்டர்னு போட்டுருக்கும். ஒரு புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல வித்தியாசம்.

புதுடிஸ்பாட்ச்:
எல்லாருக்கும் நன்றிண்ணே. மஞ்சள் கிழிச்சாச்சு, பசை போகல, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கலாமான்னு லோடுமேன் கேக்குறாரு, பட்டாசு வண்டியில மண்ணெண்ணெயான்னு டிரைவர் அண்ணன் அவரையும் போட்டுத் திட்டிட்டாரு. ஸ்டிக்கர் தவிர வேற என்ன பேப்பர் பாக்கணும்?

வெடிமருந்துவாசம்:
வெந்நீரும் சோப்பும் போதும்டா. மோட்டார் வாகன ரூல்ஸ் 129ல இருந்து 137 வரைக்கும் ஒருதடவை படிச்சுப் பாரு. வண்டியில மூணு இடத்துல எமர்ஜென்சி பேனல் இருக்கணும், அதுல சரக்கோட சரியான பேரு, யுஎன் நம்பர், ஆபத்துன்னா கூப்பிட வேண்டிய போன் நம்பர். டிரெம் கார்டு, அதான் வழியில ஆபத்துன்னா என்ன செய்யணும்னு எழுதியிருக்கிற அட்டை, கேபின்லயே இருக்கணும், உன் ஆபீஸ் பீரோவுல இல்ல. டிரைவர் மூணு நாள் டிரெய்னிங் போயி லைசென்ஸ்ல என்டார்ஸ்மெண்ட் வாங்கியிருக்காரான்னும் பாரு. அப்புறம் சரக்க இறக்குனதும் ஸ்டிக்கர மூடச் சொல்லு, இல்ல கழட்டுற மாதிரி பிளேட்டா அடிச்சு வச்சுக்கோ. திரும்பி வர்றப்ப வெங்காயம் ஏத்திட்டு 1.3 போர்டோட வந்தா செக்போஸ்ட்ல பாதி ராத்திரி நிக்க வேண்டியதுதான்.

புதுடிஸ்பாட்ச்:
நாசிக்ல இருந்து வெங்காயம்தாண்ணே ரிட்டர்ன் லோடு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க